கோழிக்குக் கட்டைவிரல் கிடையாது

ஆண்டவன் துணை
ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் நானும் உங்கள் தம்பியும் சுகம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்தத் தையல் கம்பெனியில் உட்கார நாற்காலி கொடுத்துவிட்டார்களா, இன்னும் நின்றபடியேதான் வேலையா? போன கடிதத்திலேயே கேட்டேன், பதில் இல்லை.

நீங்கள் விட்டுப்போன மூன்று பேரைப் பற்றியும் எழுதச் சொன்னீர்கள். டீச்சரம்மா காலையில் கூட்டைத் திறந்ததும் முதல் வேலையாக எல்லோரையும் அதட்டுகிறாள், என்னையும் சேர்த்து. கருப்பி அவள் பின்னாலேயே போகிறாள். சின்னப்பொண்ணுக்கும் ஆறு வயதாகிறது, பெயரை மாற்றத்தான் மனம் வரவில்லை.

நீங்கள் இருந்தபோது செய்த மாதிரியே, முட்டை கிடைத்த நாளில் நாள்காட்டியில் ஒரு புள்ளி வைத்து வருகிறேன். மார்ச்சில் நீங்கள் கிளம்பியபோது புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. இந்த மாதத்தைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

வருகிற முட்டையும் விசித்திரமாக இருக்கிறது. டீச்சரம்மா போடுவது என் உள்ளங்கையில் அடங்கவில்லை, ஓடெல்லாம் சுருக்கம். கருப்பி ஓடே இல்லாமல் வெறும் தோலோடு ஒன்று போட்டாள், எடுக்கப்போனால் கையில் நெளிகிறது. வயதானால் எல்லாம் சிறுத்துத்தானே போகும்? முட்டை மட்டும் ஏன் பெருக்கிறது? நூலகத்துக்காரர் கோழி வளர்ப்புப் புத்தகம் ஒன்று கொடுத்தார். ஐந்தாவதோடு நின்றவள் என்பதால் எதையும் மூன்று தடவை படித்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட கோழிகளை நீக்கிவிடலாம் என்று அதில் ஒரே வரியில் போட்டிருக்கிறது. அதற்கு மேல் படிக்கப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு தடவை போன் செய்யுங்களேன். உங்கள் தம்பி எதுவும் சொல்லி எழுதச் சொல்லவில்லை. ஆனால் உங்க அக்காவுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று அவரிடம் சொன்னதும் எழுந்துபோய் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை


ஆகஸ்ட் 19

என் கணக்குப்பிள்ளைக்கு,

நீயும் அவனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் இல்லை. நாற்காலி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. தைத்து வருகிற சட்டைகளில் பிசிறு நூல், கோணல் தையல், விட்டுப்போன பட்டன் இதையெல்லாம் பார்த்துப் பொறுக்குகிற செக்கிங் வேலை. முப்பது வருஷம் தைத்தவளுக்கு அடுத்தவர் தையலில் குறை கண்டுபிடிக்கச் சொல்லித் தர வேண்டுமா?

போன் வேண்டாம். போனில் பேசினால் தம்பி பக்கத்தில் நிற்பான். அவன் நிற்பதும் எனக்குக் கேட்கும், பேசாமல் நிற்பதும் கேட்கும். நமக்குக் கடிதம் போதும்.

முட்டை ஏன் பெருக்கிறது என்று நல்ல கேள்வி கேட்டாய். வயசாக ஆகக் கோழி நாள் தள்ளிப் போடும். உள்ளே மஞ்சள் கரு நிதானமாக, பெரிதாகச் சேரும். ஆனால் ஓட்டுக்குக் கிடைக்கிற சுண்ணாம்பு பழைய அளவுதான். சின்னப் பிள்ளைக்கு எடுத்த துணியில் பெரிய ஆளுக்குச் சட்டை தைத்த கதை. இழுத்துப் போர்த்தினால் மெலியும், சுருங்கும், சில நாள் போர்த்தவே பற்றாது. பழைய ஓடுகளை வறுத்துப் பொடித்துத் தீனியில் கலந்து போடு.

போடுகிறவள் யார், நின்றவள் யார் என்று பார்க்க வழி இருக்கிறது. பின்பக்கம் முட்டை வருகிற இடத்தின் இரண்டு ஓரமும் எலும்பு தட்டுப்படும். நடுவில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் போடுகிறாள். ஒரு விரலுக்கே இடம் இல்லை என்றால் நின்றுவிட்டாள். கொண்டையையும் பார். போடுகிறவளுக்குச் சிவந்து இருக்கும், நின்றவளுக்கு வெளுத்திருக்கும்.

இன்னொன்று. நின்றுபோனவளை வைத்துக்கொண்டிருக்காதே. கறிக்கடைக்காரரிடம் கொடுத்துவிடு. என் பேரைச் சொல்லி அந்த வீட்டில் யாரும் சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, முறைக்காகச் சொல்கிறேன்.

அண்ணி


ஆண்டவன் துணை
செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம், எனக்குக் கையில் இரண்டு கொத்து தவிர. நீங்கள் சொன்னபடி எலும்பு பார்க்கப்போய் டீச்சரம்மாவிடம் வாங்கியது. அவளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் நிற்பதை உங்கள் தம்பி பார்த்துவிட்டு, "என்ன, அதுக்கு அளவெடுத்துத் துணி தைக்கப் போறியா?" என்றார்.

மூவருக்கும் பார்த்தேன். கருப்பிக்கும் டீச்சரம்மாவுக்கும் ஒரு விரல்தான் நுழைந்தது. சின்னப்பொண்ணுக்கு ஒன்றரை என்று சொல்லலாம், அதுவும் நான் பாசத்தில் சொல்வது. கொண்டைகள் சோப்பில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துவிட்டன. நாள்காட்டியில் புள்ளி வைத்துப் பல நாள் ஆகிறது.

உங்கள் கடிதத்தை வழக்கம்போல் சாப்பாட்டு மேஜையில் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஓடு, சுண்ணாம்பு எல்லாம் ஆர்வமாகக் கேட்டார். கறிக்கடை வந்ததும் கை தட்டிலேயே நின்றுவிட்டது. முழுவதும் படித்து முடித்தேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டுத் தன் மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார். அது கடை பூட்டிய நேரம் அண்ணி. பூட்டின கடையில் என்ன மோட்டாருக்குக் கம்பி சுற்றினாரோ தெரியாது.

ஒரு வேண்டுகோள். மூவருக்கும் இறகு உதிர ஆரம்பித்திருக்கிறது. முற்றம் முழுக்கத் தலையணை கிழிந்த மாதிரி கிடக்கிறது. இறகு உதிரும்போது இளம் கோழியும் முட்டையை நிறுத்தும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. அதனால் இப்போது நின்றதை வயதுக் கணக்கில் சேர்க்க முடியாது. புது இறகு முளைத்து முடியட்டும், அதற்கப்புறம் பார்க்கலாமே. காலையில் பிரார்த்தனை செய்யும்போது இவர்களுக்காகவும் ஒரு வார்த்தை சொல்கிறேன். ஆண்டவனிடம் முட்டை கேட்கலாமா என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். உலகத்தில் எவ்வளவோ பேர் எவ்வளவோ பெரியது கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கணக்குப்பிள்ளை


அக்டோபர் 1

கணக்குப்பிள்ளைக்கு,

நலமே. பதில் தாமதமாகிவிட்டது. செக்கிங்கிலிருந்து மடிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். சட்டையை மடித்து அட்டை வைத்து உறையில் போடுகிற வேலை, லேசானது.

சரி, புது இறகு வரும்வரை பொறு. வந்தபிறகும் போடாவிட்டால் நான் சொன்னதுதான்.

ஒன்று கேட்கிறேன், பார்த்து எழுது. இறகு புதிதாக வந்தால் பார்வைக்கு இளசாகத் தெரிவார்கள் இல்லையா? உள்ளேயும் அப்படி ஆகுமா? நின்றது திரும்பி வருவதை நீ கண்ணால் பார்த்தால் உடனே எழுது.

அண்ணி


ஆண்டவன் துணை
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவனுக்கு ஆயிரம் நன்றி. நீங்கள் சுகமா என்பதைக் கடைசியில் கேட்கிறேன், முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வந்துவிட்டது.

போன வாரம் காலைப் பிரார்த்தனையில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன். உங்கள் தம்பி கூட்டுப் பக்கத்திலிருந்து, "இங்கே வந்து பாரு" என்கிறார். வைக்கோலில் ஒன்று, பழுப்பு நிறம். ஒரு நாள் விட்டு மறுபடி ஒன்று. அதற்கப்புறமும் வருகிறது. நாள்காட்டியில் புள்ளியை வழக்கத்தைவிடப் பெரிதாகவே வைத்தேன். முட்டை கேட்கலாமா என்று கூச்சப்பட்டதற்கு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் எனக்குச் சில விஷயம் பிடிபடவில்லை. இந்த முட்டைகள் சின்னவை, வழுவழுவென்று சுருக்கமே இல்லாதவை. முதன்முதலாகப் போடத் தொடங்கிய கோழியுடையது மாதிரி. புது இறகு வந்து மூவரும் பளபளவென்று இருக்கிறார்கள், அது உண்மை. கொண்டை மட்டும் இன்னும் வெளுப்புதான். எலும்பும் பார்த்தேன், அதே ஒரு விரல். எலும்பு வழிவிடாமல் முட்டை எப்படி வெளியே வந்தது?

உங்கள் தம்பிக்கும் ஆர்வம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் அவர்தான் முதலில் எழுந்து கூட்டைத் திறக்கிறார். காலையில் நடந்தால் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். கூடு வரைக்கும்தான் அந்த நடை.

இந்தத் தடவை உங்கள் எழுத்து ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது? பக்கத்துக்கு ஐந்து வரிதான் வந்திருக்கிறது. காகிதம் அங்கே மலிவா? நீங்கள் சுகம்தானே?

கணக்குப்பிள்ளை


அக்டோபர் 27

கணக்குப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தை என் அறையில் கூட இருக்கிற பெண்ணைப் படிக்கச் சொல்லி இன்னொரு தடவையும் கேட்டேன். இவள் பட்டன் துளை போடுகிற மிஷின் ஓட்டுபவள். உன்னை எனக்குத் தெரியும் என்பதே எனக்குப் பெருமை என்று அவளிடம் சொன்னேன்.

சின்ன முட்டையா? சுருக்கம் இல்லையா? எனக்குத் தெரிந்து அப்படி நடந்ததில்லை. எனக்குத் தெரியாததும் உலகத்தில் இருக்கும். திரும்பி வருவது அப்படித்தான் வருமோ, முதலில் இருந்த மாதிரியே?

யார் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். எலும்பை விடு, நிச்சயமான வழி ஒன்று சொல்கிறேன். கேக்கில் போடுகிற கலர் சின்னப் புட்டிகளில் கிடைக்கும். மூன்று நிறம் வாங்கு. ஆளுக்கு ஒரு நிறத்தை முட்டை வருகிற வாயில் தடவிவிடு. போடுகிறவளுடைய நிறம் முட்டையில் கோடு இழுத்துக்கொண்டு வரும். பொய் சொல்லாத சாட்சி.

எந்த நிறம் என்று உடனே எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

அண்ணி


ஆண்டவன் துணை
நவம்பர் 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் உடல்நலத்துக்கு எப்போதும் பிரார்த்திக்கிறேன். இந்தக் கடிதத்தைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஏன் என்று நீங்கள் சொல்லவில்லை.

போன கடிதத்தை முதல் தடவையாக அவருக்குப் படித்துக் காட்டவில்லை. ஆண்டவன் கொடுத்ததைச் சோதித்துப் பார்க்கிறாயா என்று கேட்பார் என்று தோன்றியது. எனக்கே அந்த உறுத்தல் இருந்தது. பிறகு, நான் சோதிப்பது ஆண்டவனை இல்லை, கோழியைத்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு புட்டிகளை வாங்கிவந்தேன். டீச்சரம்மாவுக்குச் சிவப்பு, கருப்பிக்கு மஞ்சள், சின்னப்பொண்ணுக்குப் பச்சை. மறைத்தது வீண். சாயங்காலம் வந்தவர் முற்றத்தில் நின்றுவிட்டார்.

"என்ன இது, பின்னாடி சிக்னல் லைட்டு எரியுது?"

"பேன் மருந்து."

"மூணு கலர்லயா?"

"மூணு விதமான பேன்."

சொன்ன பொய்க்கு அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் முட்டை இருந்தது. ஓடிப்போய் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை, பச்சை இல்லை. கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி சுத்தம். கலர் காய்ந்திருக்கும் என்று மறுபடி தடவினேன். மறுபடியும் சுத்தமான முட்டை. விரலில் பட்ட கலர் மூன்று நாளாக எனக்குப் போகவில்லை, கலர் வழியாகவே வந்த முட்டையில் எப்படி ஒட்டாமல் போகும்?

மூவரில் யாருமே போடவில்லை என்றுதான் கணக்கு வருகிறது. அப்படியானால் முட்டை எங்கிருந்து வந்தது? ஆண்டவன் நேராக வைக்கோலிலேயே வைத்துவிட்டான் என்று நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் அவன் அப்படிக் குறுக்குவழி போகிறவனாகத் தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை


ஆண்டவன் துணை
டிசம்பர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டுக்கேட்டு, இப்போது அவர் தெருமுனையிலேயே தலையை ஆட்டிவிட்டு வருகிறார். உங்களுக்கு என்னவோ ஆகியிருக்கிறது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். என் பங்குக்கு நான் எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை முட்டையில் நிறம் இருந்தது. பச்சை. சின்னப்பொண்ணுதான் என்று சந்தோஷமாகக் கையில் எடுத்தேன். நீங்கள் சொன்ன மாதிரி கோடு இல்லை அண்ணி. ஒரு வட்டம். வட்டத்துக்குள் நெளிநெளியாக ரேகை. ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு வெட்டு.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும்போது உங்கள் தம்பியின் கட்டைவிரலைக் கம்பி அறுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கட்டுப் போட்டுவிட்டதே நீங்கள்தான்.

மேஜை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நான் படித்துக் காட்டாத உங்கள் கடிதத்தில் கிரீஸ் கறை. மற்றக் கடிதங்களையும் எடுத்தேன், எல்லாவற்றிலும் கறை. நான் படித்துக் காட்டியதையும் தனியாக எடுத்துப் படித்திருக்கிறார்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் அந்த முட்டையை வைத்தேன்.

"இது யாரோடது?"

"சின்னப்பொண்ணு. பச்சை இருக்கே."

"நிறத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கலாம்னு யார் சொன்னா? நான் பேன் மருந்துன்னுதானே சொன்னேன்."

சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"கோழிக்குக் கட்டைவிரல் உண்டாங்க? அதுவும் தழும்போட?"

தன் விரலைப் பார்த்தார். நகத்தின் ஓரத்தில் இன்னும் பச்சை இருந்தது. "கம்பி அறுத்தது" என்றார், நான் என்னவோ காயத்தை விசாரித்த மாதிரி. அப்புறம், "அக்காவுக்கு எழுதிடுவியா?" என்று கேட்டார்.

"கணக்குன்னா கணக்குதானே."

"எழுதினா மூணும் கறிக்கடைக்குப் போகும்."

"அண்ணி அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"அதுங்களும் போயிட்டா அக்காவோடதுன்னு இந்த வீட்ல என்ன இருக்கு? அப்புறம் எதைப் பத்தி நீ எழுதுவே, எதைப் பத்தி அவ பதில் போடுவா?"

நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். அவரே தொடர்ந்தார். "நான் அன்னிக்கு விலைவாசியைப் பத்திப் பேசினேன். உக்காந்து சாப்பிடறவங்களுக்கு என்ன தெரியும்னு பொதுவாச் சொன்னேன். அக்காவைச் சொல்லலை."

"அந்த நேரத்துல நானும் நீங்களும் நின்னுட்டிருந்தோம். அண்ணி மட்டும்தான் உக்காந்திருந்தாங்க."

அவர் தட்டோடு எழுந்துவிட்டார். நான் அந்த மார்ச் மாதத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை, நீங்களும் எழுதியதில்லை. இதற்கு மேலும் எழுதப் போவதில்லை.

ஆக, உண்மைக் கணக்கு இது. மூவரும் செப்டம்பருக்கு முன்பே நின்றுவிட்டார்கள். நின்றது திரும்பவில்லை. நீங்கள் அவ்வளவு ஆசையாகக் கேட்டதற்கு இந்தப் பதிலை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. நான் ஆண்டவனிடம் முட்டை கேட்டேன், கோழி வழியாக என்று சொல்லிக் கேட்கவில்லை. அதனால் என் பிரார்த்தனை பலித்ததா இல்லையா என்பதை அவனிடமே விட்டுவிட்டேன். கோழிகள் விஷயத்தில் முறை உங்களுடையது, நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீர வேண்டும். அக்டோபரிலிருந்து இந்த முட்டைகளுக்கு நாள்காட்டியில் வைத்திருக்கிற புள்ளிகளை அழிப்பதா, விடுவதா?

கணக்குப்பிள்ளை


டிசம்பர் 20

அம்மா, வணக்கம். நான் இவர்கள் அறையில் கூட இருக்கும் பட்டன் மிஷின்காரி. அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை என்னுடையது.

என் கணக்குப்பிள்ளைக்கு,

நலமாக இரு. நீ ஒளிக்காமல் எழுதினாய், நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. பனி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி. பிசிறு நூல் தெரியவில்லை என்று மடிப்புக்கு மாற்றினார்கள். மடிப்பிலும் சின்ன அளவும் பெரிய அளவும் மாறி உறைக்குள் போனது. ஓய்வு எடுங்கள் என்று அக்டோபரில் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

நின்றது திரும்புமா என்று ஏன் கேட்டேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். திரும்பினால் நானும் கம்பெனியில் போய்க் கேட்கலாம் என்று ஒரு நப்பாசை. வேறொன்றுமில்லை.

கோழிகளைக் கொடுத்துவிடு. மற்றவர்களுக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறை என்று நான் வைத்துக்கொண்டதில்லை. தம்பியிடம் முட்டை வாங்குவதை நிறுத்தச் சொல். அவனுக்குப் பேரம் பேசவும் தெரியாது.

அண்ணி

அம்மா, இனி எழுதுவது அவர்கள் சொன்னது இல்லை. எழுதி முடித்தாகிவிட்டது, முகவரி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன். கட்டைவிரல் வருகிற இடத்தை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். அடுப்பில் கை சுட்டு ஆறாத புண் இருக்கிறது. புரையை எடுப்பது சின்ன வேலைதானாம், பார்வை நன்றாகத் திரும்பும் என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாளைக்குக் கூட யாராவது இருந்து மருந்து விட வேண்டும். எனக்கு விடுப்பு இல்லை. "உக்காத்தி வெச்சுச் சாப்பாடு போட யார் இருக்கா எனக்கு"ன்னு சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள்.


டிசம்பர் 27

அக்கா,

எனக்குக் கடிதம் எழுத வராது. உனக்குப் படித்துக் காட்டுகிற பெண்ணுக்கு என் நன்றியைச் சொல்.

நம் கடைக்கு எதிர்வரிசையில் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அவர்கள் தண்ணீர் மோட்டார் என்னிடம்தான் வரும். போய்க் கேட்டுவிட்டேன். ஒரு கண், கொஞ்ச நாள் விட்டு மறு கண். மருந்து விடும் நேரத்தை உன் கணக்குப்பிள்ளை இப்போதே சுவரில் எழுதி ஒட்டிவிட்டாள்.

கோழிகளைக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். முட்டை போடாதவர்கள் போக வேண்டும் என்றால் இந்த வீட்டில் நானும் போடுவதில்லை. நான் போட்டது எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும்.

ஜனவரி முதல் சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்பி அங்கே வருகிறேன். பெட்டியை நீ தூக்காதே.

மேஜையில் உன் நாற்காலி கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. அன்றிலிருந்து அதில் யாரும் உட்காரவில்லை, நானும் விடவில்லை. வந்து உட்கார்ந்து சாப்பிடு.

தம்பி


ஜனவரி 2

தம்பிக்கு,

நானே எழுதுகிறேன். எழுத்து பெரிதாக இருக்கும், வரி மேலே கீழே போகும், பொறுத்துக்கொள்.

உன் முட்டை விஷயம். ஆறு வயசுக் கோழி சின்ன முட்டை போடாது. கடையில் பெரிதாக, ஓடு சுருங்கினதாகப் பார்த்துப் பொறுக்கு. வாங்கியதைச் சில்லென்று கொண்டுபோய் வைக்காதே, சட்டைப்பையில் போட்டு உடம்புச் சூடு ஏற்றி வை. கலர் தடவினால் கட்டைவிரலால் அமுக்காதே. சுண்டுவிரலால் ஒரே இழுப்பு, கோடு மாதிரி.

டீச்சரம்மா பார்த்தால் அதட்டுவாள். கண்டுகொள்ளாதே, அவள் சுபாவம் அது.

சனிக்கிழமை பெட்டியோடு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உனக்கு முன்னால் உன் நடைச் சத்தம் எனக்குக் கேட்டுவிடும். நீ பேச வேண்டாம், வந்தால் போதும்.

கண் சரியானதும் முதல் நாள் காலையில் கூட்டை நான்தான் திறப்பேன். அன்றைக்கு உள்ளே ஒன்று இருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளையிடம் சொல், புள்ளிகளை அழிக்க வேண்டாம். வீட்டில் போட்டதெல்லாம் கணக்குத்தான்.

அக்கா